சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே தொடாத அப்பா

வைப்பாறு
அப்பாவுக்கு 74 வயது. கம்பம் ஏறி இறங்கியே சர்வீஸை முடித்த லைன்மேன். அம்மாவோடு சாத்தூர்ப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறார். நான் சென்னையில். பிரஷர், சுகர் இரண்டும் ரொம்ப வருடமாக உண்டு. இப்போது புரோஸ்டேட் வீக்கமும் சேர்ந்துகொண்டது.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் தண்ணீர்ச் சொம்பைத் தொட மாட்டார். ராத்திரி மாத்திரைக்கே ஒரு மடக்குதான். கேட்டால், "ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிச்சுப் போறது நீயா, நானா?" என்கிறார். எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லையில். முற்றத்தைத் தாண்டி, இரண்டு படி இறங்கி, துவைக்கிற கல்லைச் சுற்றிப் போக வேண்டும். போன மாதம் அந்தப் படியில் கால் வழுக்கியிருக்கிறது. கல்லைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். அவர் சொல்லவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும்.

காலையில் எழுந்தால் கிறுகிறுப்பு. அதனால் பிரஷர் மாத்திரைக்கு அவரே அடிக்கடி லீவு விட்டுவிடுகிறார். கால் வீக்கம் என்று போய்க் காட்டியதில் நீர் மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பேத்தியை விட்டுப் பேசச் சொன்னேன். எதற்கும் மசியவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

ஓஎம்ஆர்_வாசி
ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கிக் கட்டிவிடுங்கள் ப்ரோ. கீழே விழுந்தால் உங்களுக்கு அலாரம் வரும். முற்றத்தில் ஒரு கேமரா. தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்த ஆப் இருக்கிறது. ராத்திரிக்கு அடல்ட் டயப்பர். முடிந்தது.

பழைய_போஸ்ட்மேன்
ஓஎம்ஆர் தம்பி, எனக்கு 71. என் பையனும் இப்படித்தான் ஒரு வாட்ச் கட்டிவிட்டான். நான் சாமி கும்பிட உட்கார்ந்தாலே அது "எழுந்து நடங்கள்" என்று கையைச் சுரண்டுகிறது. கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

வைப்பாறு தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அப்பா செய்வது வீம்பு இல்லை, கணக்கு. தண்ணீர் குடித்தால் எத்தனை தடவை எழ வேண்டும், எத்தனை தடவை அந்தப் படியில் இறங்க வேண்டும், விழுந்தால் யார் தூக்குவது, உங்கள் அம்மாவால் முடியுமா, பிள்ளை சென்னையிலிருந்து லீவு போட்டு வர வேண்டுமே... எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் சொம்பைத் தள்ளி வைக்கிறார். நானும் பஸ்ஸில் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் எங்கள் முட்டியை வைத்துக்கொண்டு ஒருமுறை குந்தி எழுந்து பாருங்கள், புரியும். கல்யாண வீட்டிலும் அப்படித்தான். மாடியில் பந்தி என்றால் நான் மொய் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

டயப்பரைப் பற்றி அவரிடம் பேச்சே எடுக்காதீர்கள். அப்புறம் உங்கள் போனையே எடுக்க மாட்டார்.

மருந்துக்கடை
போஸ்ட்மேன் ஐயா சொன்னது சரி. அந்தக் கணக்கில் மாத்திரைகளுக்கும் பங்கு உண்டு. நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

வைப்பாறு, அப்பாவின் பிரஷர் மாத்திரையில் அம்லோடிபின் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மருந்துதான், விலையும் குறைவு. ஆனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்தைப் புது நோய் என்று நினைத்து நீர் மாத்திரை எழுதிவிடுவது உண்டு. இதனால் வருகிற வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. சிறுநீர் மட்டும் கூடும். அதையும் ராத்திரி மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் விடிய விடிய நடைதான். சிறுநீர் கூடியதும் பெரியவர் தண்ணீரைக் குறைப்பார். தண்ணீர் குறைந்தால் எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கும், தலை சுற்றும். தலை சுற்றினால் பிரஷர் மாத்திரையை நிறுத்துவார். நீங்கள் எழுதியதில் இது அத்தனையும் இருக்கிறது.

புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கிற டாம்சுலோசின் மாதிரி மருந்துகளும் எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அதுவே சிறுநீரைக் கூட்டும். டாபாக்ளிஃப்ளோசின் என்று ஒரு சுகர் மாத்திரை இப்போது மலிவாகிவிட்டதால் நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. அதுவும் சீட்டில் இருக்கிறதா பாருங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பாருங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒன்றாவது நிமிடமும் மூன்றாவது நிமிடமும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்தக் கிறுகிறுப்பு கற்பனை இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும். அந்த எண்களோடு வீட்டில் உள்ள அத்தனை மருந்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். அத்தனை என்றால் தைலம், லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வலி மாத்திரை உட்பட. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. சளிக்கு என்று கடையில் வாங்கிப் போடும் அவில் மாதிரி மாத்திரைகள் புரோஸ்டேட் வீக்கம் இருப்பவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும். பெரியவர்களுக்குக் குழப்பத்தையும் தரும். தூக்க மாத்திரை என்று அல்பிரசோலம் கேட்டு வருவார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடுராத்திரி படி இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வைப்பாறு
நன்றி. அம்மாவை விட்டு எல்லா அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அம்லோடிபின் இருக்கிறது. கடைசியாகக் கூட்டிய நீர் மாத்திரை ஃப்ரூஸ்மைடு. டாம்சுலோசின், கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சுகர் மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. அதோடு காகிதக் கவரில் பெயர் இல்லாத வெள்ளை மாத்திரை. "முட்டி வலிக்குக் கடையில கொடுத்தது" என்கிறார் அம்மா.

மருந்துக்கடை
அந்தக் காகிதக் கவர்தான் எங்கள் தொழிலுக்கே அவமானம். பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையாக இருக்கும். சில இடங்களில் கூடவே ஸ்டீராய்டு. வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் பிரஷர் ஏறும், கால் வீங்கும், சிறுநீரகம் கெடும். பெயர் தெரியாததை வாங்கவே வேண்டாம்.

செல்வி_தூத்துக்குடி
நீர் மாத்திரை என்றதும் என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லத் தோன்றுகிறது. அம்மாவுக்கு 78. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என்னை என் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். மத்தியானம் பார்த்தால் பீரோவைத் திறந்து இரண்டு சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வண்டி வந்துருச்சா? அப்பா தேடுவாக" என்கிறார். தாத்தா இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், வயசாச்சுல்ல, மறதி வந்துருச்சு. ஒருத்தர் மந்திரிக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர்தான், நேற்று வரை பால் கணக்கு சரியாகச் சொன்னவர் ஒரே நாளில் எப்படி மறப்பார் என்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரத்தத்தில் சோடியம் 118. இருக்க வேண்டியது 135 முதல் 145.

பிரஷர் மாத்திரையோடு தயசைடு வகை நீர் மருந்து சேர்ந்திருந்தது. பிரஷருக்கு உப்பே ஆகாது என்று யாரோ சொல்லி, அம்மா ரசத்தில்கூட உப்புப் போடுவதில்லை. அந்த வாரம் வயிறு சரியில்லாமல் வெறும் கஞ்சித் தண்ணியும் வெந்நீரும் மட்டும். மூன்றும் சேர்ந்துகொண்டன. சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கே கெடுதல் என்று டாக்டர் சொன்னார். வார்டில் எனக்குப் பக்கத்தில் நின்ற பையன், "ஏன் சார் இவ்வளவு ஸ்லோவா ஏத்துறீங்க" என்று அவன் பாட்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டிக்கும் சோடியம்தான்.

நாலைந்து நாளில் அம்மா பழையபடி ஆகிவிட்டார். வந்ததும் முதல் வேலையாகப் பால்காரரிடம் பாக்கி கேட்டார். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெதுவாக வரும். ஒன்றிரண்டு நாளில் ஆள் மாறிப்போனால் அது சோடியம், சிறுநீர்த் தொற்று, சுகர் இறங்குவது, நிமோனியா இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். அது அவசரம். வயசு என்று விட்டுவிடக் கூடாது.

மலைக்கோட்டை
எல்லோரும் மாத்திரையால் வந்த வியாதிக்கு மாத்திரையாலேயே வைத்தியம் சொல்கிறீர்கள். எங்கள் தாத்தா 95 வயது வரை வயலுக்குப் போனார். கம்பங்கூழ், ஆவாரம்பூ, நல்லெண்ணெய்க் குளியல், அவ்வளவுதான். இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை
தாத்தா 95 வரை இருந்ததில் சந்தோஷம் சார். அதே தெருவில் அவரோடு பிறந்து ஐம்பதில் வலது கை கால் விழுந்து போனவர்களை யாரும் எண்ணுவதில்லை. பிரஷர் என்று அதற்குப் பெயர்கூட இருந்திருக்காது. கம்பும் கேழ்வரகும் நல்ல உணவுதான். ஆனால் கூழாகக் கரைத்து இரண்டு செம்பு குடித்தால் சுகர் ஏறத்தான் செய்யும். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிட்டு ஸ்ட்ரோக்கோடு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மலைக்கோட்டை
நடப்பதும் வெயிலில் நிற்பதுமாவது நல்லது என்று ஒத்துக்கொள்வீர்களா?

மருந்துக்கடை
கையெழுத்துப் போட்டே தருகிறேன்.

நர்ஸ்அக்கா
கிராமச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் வேலையே வாசல் வாசலாக ஏறி இறங்குவதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைப்பாறு தம்பி, ராத்திரித் தண்ணீருக்கு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? புரோஸ்டேட் இருப்பவர் படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தண்ணீரைக் குறைப்பது நல்லதுதான். அப்பா பகலில் எவ்வளவு குடிக்கிறார் என்று யாராவது பார்த்தீர்களா? வயசானால் தாகமே சரியாகத் தெரியாது. காலையில் எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர், சாப்பாட்டுக்கு முன்னால், பத்து பதினொரு மணிக்கு மோர், மூன்று மணிக்கு ஒரு டம்ளர் என்று ஐந்து மணிக்குள் முக்கால்வாசியை முடிக்கச் சொல்லுங்கள். இதயம் பலவீனமானவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கட்டும். பகல் முழுக்க காலில் தேங்குகிற நீர்தான் ராத்திரி படுத்ததும் சிறுநீராக இறங்குகிறது. அதை மத்தியானமே இறக்கிவிட்டால் ராத்திரி ஒன்றிரண்டு தடவை குறையும். நீர் மாத்திரையைக் காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இனி வீடு. கட்டிலுக்கடியில் ஒரு யூரின் கேன், ஐந்து நிமிட வேலை. உள்ளே வைக்க வெட்கப்பட்டால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு திரை போடுங்கள். முற்றத்துக்கு ராத்திரி முழுக்க எரிகிற சின்ன எல்.இ.டி. படிக்குப் பக்கத்தில் சுவரில் இரும்புக் கைப்பிடி. கொத்தனாரை வைத்து முட்டுக் கொடுத்து வையுங்கள், துண்டு மாட்டுகிற கம்பி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பழைய ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள், அதன் அடி தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும். அடுத்த வருடமாவது வீட்டுக்குள்ளேயே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் கட்டிவிடுங்கள், வாட்ச் வாங்குகிற காசை அதில் போடுங்கள்.

விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், இந்த வயசில் ஆபரேஷனா என்று எண்ணெய்க் கட்டுப் போட்டுப் படுக்க வைப்பதை இன்னும் பார்க்கிறேன். முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து நடக்க வைக்கத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். படுத்தே கிடந்தால் முதுகில் புண், நெஞ்சில் சளி, காலில் ரத்தக் கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். எலும்பைவிட அவைதான் ஆளைக் கொண்டுபோகும்.

விழாமல் இருக்கக் காலில் பலம் வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயது ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. அதற்குக் கீழே என்றால் விழும் அபாயம் அதிகம். பரிட்சையும் அதுதான், பயிற்சியும் அதுதான். டி.வி. சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் செய்யச் சொல்வேன் நான்.

அப்புறம் அம்மாவை மறந்துவிட்டீர்கள். அப்பாவைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், அம்மாவுக்கு என்ன வயது, பிரஷர் உண்டா, ஒன்றுமே இல்லையே? எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சக் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் எங்கள் தலைமுறைப் பெண்கள். பருப்பும் முட்டையும் தட்டில் வருவதே இல்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிற பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ அம்மாவுக்கு 55 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராம்தான். இரண்டு வேளை இட்லியும் ராத்திரிக்கு ரசம் சாதமும் சாப்பிட்டால் பாதிகூட வராது. சதை கரைந்து கரைந்துதான் ஒருநாள் தடுக்கி விழுகிறார்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் வாயையும் ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆறாத புண், வெள்ளைத் திட்டு இருந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

வைப்பாறு
அக்கா, உண்மையில் அம்மாவிடம் கேட்கவே இல்லை. 69 வயது. நேற்றுக் கேட்டதற்கு "எனக்கென்ன, நான் நல்லாத்தான இருக்கேன்" என்றார். பிரஷர் பார்த்து எவ்வளவு நாள் என்றால் நினைவில்லை.

நர்ஸ்அக்கா
அப்படிச் சொல்கிறவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் வருவார். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் பார்த்து, மாத்திரையை மாதா மாதம் வீட்டிலேயே கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி அம்மா பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு குறை சொல்ல வேண்டும். வீட்டுக்கு மாத்திரை வருகிறதே என்று சிலர் டாக்டரிடம் போவதையே விட்டுவிடுகிறார்கள். அதே மாத்திரை வருடக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனையாவது வருடம் ஒருமுறை வேண்டும்.

துபாய்_மச்சான்
செலவைப் பற்றி யாராவது சொல்லுங்கள். அப்பாவுக்கு 72. 65க்கு மேல் இன்சூரன்ஸ் கிடைக்காது என்கிறார்களே?

மருந்துக்கடை
அது பழைய கதை. 65 என்ற உச்சவரம்பை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டது. ஆனால் பிரீமியம் கையைக் கடிக்கும், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 70 தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்ற திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. உங்கள் மாவட்டத்தில் எப்படிப் பதிவது என்று கலெக்டர் அலுவலகக் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். இவை எல்லாமே பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். ஒரு முதியவரின் காசு கரைவது மாதா மாத மாத்திரையிலும் ரத்தச் சோதனையிலும் ஆட்டோவிலும். மாத்திரைக்கு மக்கள் மருந்தகம், 2025இல் திறந்த முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை நன்றாகக் குறையும். எங்கள் கடை வியாபாரம் போனாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

செல்வி_தூத்துக்குடி
காது பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் மாமனார் இரண்டு வருடமாக வீட்டில் பேச்சையே குறைத்துவிட்டார். கோபம் என்று நினைத்தோம். காது கேட்கவில்லை. மிஷின் வாங்கிக் கொடுத்தோம், டப்பாவிலேயே இருக்கிறது.

பழைய_போஸ்ட்மேன்
நானும் அந்த மிஷின்காரன்தான். போட்ட அன்றைக்குக் குக்கர் விசில் காதுக்குள் அடித்தது. தட்டு வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம், எல்லாம் ஒரே அளவில். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் தொடங்கினதும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். விற்றவர்கள் "பழகிடும்" என்றதோடு சரி. பிறகு வேறோர் இடத்தில் கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் ஒரு பெண், மூன்று நான்கு தடவை வரவைத்து அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தது. முதலில் வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம் மட்டும், ஒரே ஆளோடு பேசும்போது போடச் சொன்னது. இப்போது காலையில் பல்செட்டோடு அதையும் மாட்டிக்கொள்கிறேன். மாமனாரிடம் பின்னால் நின்று கத்தாதீர்கள் அம்மா. முகத்துக்கு நேரே நின்று சாதாரணமாகப் பேசுங்கள், உதட்டைப் பார்த்தே பாதி பிடித்துக்கொள்வோம்.

நர்ஸ்அக்கா
மறதி நோய்க்குத் தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட பதினான்கில் காது கேளாமையும் உண்டு, கண் பார்வைக் குறைவும் உண்டு. கண்புரையை முற்றட்டும் என்று வைத்திருக்கத் தேவையில்லை. அறுவை செய்ய அரசு மருத்துவமனையிலும் முகாம்களிலும் பணம் கேட்பதில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள மூத்தவர்களுக்குக் காது மிஷின், பல்செட், ஊன்றுகோல் எல்லாம் மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் இலவசம். முகாம் எப்போது என்று தெரிய, முதியோர் உதவி எண் 14567க்கு அடித்துக் கேட்கலாம். தனியாக இருப்பவர்கள் மனசு சரியில்லை என்றாலும் அதே எண்ணில் பேசுவார்கள்.

வைப்பாறு
பையைக் கொட்டிவிட்டோம். டாக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அம்லோடிபினை மாற்றி, நீர் மாத்திரையை நிறுத்தி, கிளிமிபிரைடைப் பாதியாக்கினார். மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 6.4 இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வயசில் இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டாம், விடியற்காலையில் சுகர் இறங்கித்தான் பாதிக் கிறுகிறுப்பு, ஏழரை இருந்தாலே போதும் என்றார். காகிதக் கவரைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அப்பாவுக்குப் பிடித்தது அந்தப் படுத்து எழுந்து பார்க்கிற சோதனை. படுக்கையில் 152, நின்றதும் 118. பார்த்ததும், "லோடு ஏத்துனதும் வோல்டேஜ் விழுகுது, லைன் வீக்கா இருக்கு" என்றார். அப்புறம் அவரே ஒரு டைரி எடுத்துக் கோடு போட்டு, காலை மாலை இரண்டு வேளையும் எழுதுகிறார். கிறுகிறுப்பு இருக்கிற அன்றைக்கு மாத்திரையை விடாமல் எண்ணைப் பார்த்து எனக்குப் போன் செய்கிறார். நான் திட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. யூரின் கேனுக்கு மட்டும் இன்னும் சம்மதம் இல்லை. லைட்டும் கைப்பிடியும் அவரே நின்று போட வைத்தார், கொத்தனாருக்கு அளவு சொன்னதும் அவர்தான்.

அம்மாவுக்கு பிரஷர் 170. நன்றாகத்தான் இருக்கிறாராம்.

ஓஎம்ஆர்_வாசி
170ஆ? எந்த அறிகுறியும் இல்லாமலா? எங்கள் அம்மாவுக்கும் பார்த்ததே இல்லை. இந்த வாரம் ஊருக்குப் போகிறேன்.

நர்ஸ்அக்கா
பிரஷருக்குப் பெரும்பாலும் அறிகுறி கிடையாது தம்பி, அதனால்தான் பார்க்க வேண்டும். வைப்பாறு, அம்மாவுக்கு ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். அப்பாவின் டைரியிலேயே பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு ஒரு வாரம் எழுதுங்கள். ஆனால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பழைய_போஸ்ட்மேன்
நடுவில் என் சந்தேகம் ஒன்று. ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போகிற பழக்கம். சுகர் பத்து வருடத்துக்கு மேல். கால் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது. போன வருடம் பிரகாரக் கல்லில் நடந்துவிட்டு வந்து பார்த்தால் பெருவிரல் அடியில் கொப்புளம். சுட்டதே தெரியவில்லை. சாக்ஸ் போட்டுக்கொண்டு போனால் உள்ளே விடுவார்களா?

நர்ஸ்அக்கா
சுட்டது தெரியவில்லை என்பதுதான் நோயே ஐயா. கொப்புளம் சின்ன விஷயம். முதலில் காலை டாக்டரிடம் காட்டி, உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் தெருவிலும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளின் சர்க்கரை நோய்ப் பிரிவில் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்கள். சாயங்காலம் கடையில் போய் அளவு பாருங்கள், காலையில் வாங்கினால் மாலையில் கடிக்கும்.

கோயிலுக்கு வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். பருத்தி சாக்ஸ் போட்டு வந்தவர்களைத் தடுத்து நான் பார்த்ததில்லை, வாசலில் ஒரு வார்த்தை சுகர் என்று சொல்லிவிடுங்கள். நார் விரிப்பு போட்டிருந்தால் அதை விட்டு இறங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஷேவிங் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் காலைத் தூக்கிப் பார்க்கலாம். கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்த வேண்டாம், மஞ்சள் அப்ப வேண்டாம், அன்றைக்கே காட்டுங்கள்.